டோட்டோடைலுக்கு டிராகன் டான்ஸ்: தந்தை வழியே ஒரு வித்தையைக் கொண்டுசேர்த்த கதை

கடந்த கோடை விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, என்னிடமிருந்த இரண்டு நின்டெண்டோ டிஎஸ் கையடக்க ஆட்டக் கருவிகளில் ஒன்றை எடுத்து, போக்கிமான் என்னும் உயிரிகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் போக்கிமான் சோல்சில்வர் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினான். தொடக்கத்தில் கிடைக்கும் மூன்று குட்டிகளில் அவன் தேர்ந்தெடுத்தது டோட்டோடைல் என்னும் முதலைக்குட்டி. இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலையில், அதன் இணைப் பதிப்பான என் ஹார்ட்கோல்ட் ஆட்டத்தில் இருந்த கிங்ட்ரா என்னும் உயிரி, டிராகன் டான்ஸ் என்னும் வித்தையை ஒரே ஒரு முறை ஆடிவிட்டு, அடுத்தடுத்து வந்த மூன்று எதிரிகளையும் முந்திக்கொண்டு வீழ்த்தியதைப் பார்த்துவிட்டு, "மாமா, என் முதலை இதை எந்த லெவல்ல கத்துக்கும்?" என்று கேட்டான். எந்த லெவலிலும் கற்காது என்பதுதான் விடை. ஆனால் கற்கவே முடியாது என்பதும் உண்மையில்லை. அந்த இடைவெளியைக் கடக்க எங்களுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் என்ன செய்தோம், எங்கே தவறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை, இதே முயற்சியில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதிவைக்கிறேன்.

ஆட்டக்காரர்கள் 'மூவ்' என்று சொல்வதையே நான் இங்கே வித்தை என்று எழுதுகிறேன். தாக்குவதும் அதில் அடங்கும். தன் வலிமையைக் கூட்டிக்கொள்வதும் எதிரியின் பார்வையை மறைப்பதும் அதில் அடங்கும். ஜப்பானில் 1996ஆம் ஆண்டு வெளிவந்த சிவப்பு, பச்சைப் பதிப்புகளிலிருந்து மாறாமல் வரும் விதி ஒன்று உண்டு: ஓர் உயிரி ஒரே நேரத்தில் நான்கு வித்தைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்க முடியும். ஐந்தாவதைக் கற்க வேண்டுமானால் இருக்கும் நான்கில் ஒன்றைக் கைவிட வேண்டும். மற்ற எல்லா விதிகளும் இந்த நான்கு இடங்களை எப்படி நிரப்புவது என்பதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

2009ஆம் ஆண்டு ஜப்பானிலும் 2010ஆம் ஆண்டு பிற நாடுகளிலும் வெளிவந்த ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் ஆட்டங்களில் ஒரு வித்தை உயிரியிடம் வந்துசேர நான்கு முதன்மையான வழிகள் உள்ளன. லெவல் கூடும்போது தானாகக் கற்பது ஒன்று. டிஎம், எச்எம் எனப்படும் பயிற்சிக் கருவிகள் மூலம் கற்பது இன்னொன்று. இவற்றில் டிஎம் ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும், எச்எம் தீராது, ஆனால் அதன் வழி கற்ற வித்தையை விருப்பம்போல் மறக்க முடியாது. குறிப்பிட்ட ஊர்களில் இருக்கும் ஆசிரியர்களிடம் புள்ளிகள் கொடுத்துக் கற்பது மூன்றாவது. நான்காவதாக உள்ளது முட்டை வழி: குட்டி பொரிந்து வெளிவரும்போதே, தன் இனம் இயல்பாகக் கற்காத ஒரு வித்தையைத் தந்தையிடமிருந்து கொண்டுவருவது. டோட்டோடைலுக்கு டிராகன் டான்ஸ் கிடைக்க இந்த நான்காவது வழி ஒன்றுதான் உண்டு.

அந்த வித்தை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோட்டோடைல் முழுதாக வளர்ந்து ஃபெராலிகேட்டர் ஆகும்போது அதன் அடிப்படைத் தாக்கும் திறன் 105, வேகம் 78. வலிமை போதும், வேகம்தான் போதாது. டிராகன் டான்ஸ் ஒரு முறை ஆடினால் தாக்கும் திறனும் வேகமும் தலா ஒரு படி, அதாவது ஒன்றரை மடங்கு, உயரும். இந்த முதலையின் ஒரே குறையை நேராகச் சென்று தீர்க்கும் வித்தை இது.

எந்த இனம் எதோடு சேர்ந்து முட்டையிடும் என்பதை முட்டைக் குழு என்னும் பிரிவு தீர்மானிக்கிறது; தந்தையும் தாயும் ஒரே முட்டைக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பிறக்கும் குட்டி தாயின் இனமாக இருக்கும். முட்டை வித்தைகள் தந்தையிடமிருந்து வரும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் டோட்டோடைலும், டிராகன் டான்ஸ் தெரிந்த, டோட்டோடைலோடு குழுவைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஆணும். டோட்டோடைல் அரக்கர் குழுவிலும் முதல் நீர்க் குழுவிலும் இருக்கிறது. என் நினைவுக்கு முதலில் வந்தது கியாரடோஸ். அது லெவல் கூடும்போதே டிராகன் டான்ஸைக் கற்றுக்கொள்ளும். ஆனால் அது இருப்பது இரண்டாம் நீர்க் குழுவிலும் டிராகன் குழுவிலும். நீரில் வாழ்பவை என்பதற்காக இரண்டையும் சேர்த்துவிட முடியாது. நடுவில் அரக்கர் குழுவிலும் டிராகன் குழுவிலும் இருக்கும் சார்மாண்டரை ஒரு பாலமாக வைத்து, கியாரடோஸிடமிருந்து சார்மாண்டருக்கும் அங்கிருந்து டோட்டோடைலுக்கும் கடத்தலாம் என்று கோடுபோட்ட தாளில் ஒரு சங்கிலியை வரைந்தேன். எங்கள் இரண்டு ஆட்டங்களிலும் சார்மாண்டர் இல்லை என்பதால் அந்தத் தாள் அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் அதே தாளைப் பார்த்தபோதுதான் என் கிங்ட்ராவின் குழந்தைப் பருவமான ஹார்ஸீ கண்ணில் பட்டது. கடற்குதிரையான அது முதல் நீர்க் குழுவிலும் டிராகன் குழுவிலும் இருப்பதால் பாலமே வேண்டியதில்லை. டோட்டோடைலோடு நேராகச் சேரும். டிராட்டினியும் இதே இரண்டு குழுக்களில் இருக்கும் உயிரிதான். ஆனால் அது டிராகன் டான்ஸைக் கற்பது ஹார்ஸீயைவிட வெகு பின்னால், வளர்வதும் மெதுவாக. எனவே அதை விட்டுவிட்டேன். கிங்ட்ரா ஏற்கெனவே என்னிடம் இருந்தது உண்மை. ஆனால் அது பெண். தந்தை வழியில் வரவேண்டிய வித்தைக்கு அதனால் பயனில்லை.

ஆட்டத்தில் வரும் வேர்ல் தீவுகளின் குகை நீரில் ஓர் ஆண் ஹார்ஸீயைப் பிடித்து, அனுபவப் பங்கு தரும் எக்ஸ்ப் ஷேர் கருவியை அதன் கையில் கொடுத்து வளர்த்தேன். இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஹார்ஸீ 32ஆவது லெவலில் ஸீட்ராவாக உருமாறும். ஹார்ஸீயாகவே இருந்தால் டிராகன் டான்ஸை 38ஆவது லெவலில் கற்கும். ஸீட்ராவாக மாறிவிட்டால் 48 வரை காத்திருக்க வேண்டும். உருமாற்றம் வலிமையைத் தருகிறது, கல்வியைத் தாமதப்படுத்துகிறது. இந்தப் பண்டமாற்றை ஆட்டம் எங்கும் எழுதிச் சொல்வதில்லை. குட்டி ஒளிர்ந்து மாறத் தொடங்கியதும் மகிழ்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பத்து லெவலை இழக்கிறார்கள். எவர்ஸ்டோன் என்னும் கல்லைக் கையில் கொடுத்தால் உருமாற்றம் நிகழாது, ஆனால் ஒரு கையில் ஒரு பொருள்தான் பிடிக்க முடியும், அந்த இடத்தில் எக்ஸ்ப் ஷேர் இருந்தது. எனவே 32இலிருந்து ஒவ்வொரு லெவல் கூடும்போதும் பி பொத்தானை அழுத்தி உருமாற்றத்தை நிறுத்தினேன். 38இல் டிராகன் டான்ஸ் வந்தது.

தந்தைக்கு இரண்டாவதாக நான் கொடுத்தது வாட்டர்ஃபால். ஏழாவது எச்எம்மான அதன் வலிமை 80. எதிரியை அந்தச் சுற்றில் திகைத்து நிற்கவைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20. இந்தத் தலைமுறையில் தந்தைக்குத் தெரிந்த டிஎம், எச்எம் வித்தைகளும், குட்டியின் இனம் அவற்றைக் கருவி வழி கற்கக்கூடியதாக இருந்தால், முட்டையில் இறங்கும். ஒரு முறை மட்டுமே பயன்படும் டிஎம்மை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இதே விதி எதிராகவும் வேலை செய்யும். தந்தையிடம் குட்டிக்குள் இறங்கத்தக்க வித்தைகள் இரண்டுக்கு மேல் இருந்தால், குட்டியின் நான்கு இடங்களில் நெருக்கடி உண்டாகும். டோட்டோடைல் பிறக்கும்போதே ஸ்கிராட்ச், லீர் ஆகிய இரண்டோடு பிறப்பதால் மீதமிருப்பது இரண்டு இடங்கள்தான். ஆகவே லெவல் கூடும்போது ஹார்ஸீ கற்க முன்வந்த வலிய வித்தைகளை மறுத்துவிட்டு, குட்டிக்குள் இறங்காத ட்விஸ்டரையும் பபிள்பீமையும் வைத்துக்கொண்டேன். தந்தையின் பட்டியல் இப்படி அமைந்தது: முதலில் டிராகன் டான்ஸ், அடுத்து வாட்டர்ஃபால், பிறகு ட்விஸ்டர், கடைசியில் பபிள்பீம். டிராகன் டான்ஸை முதல் இடத்துக்கு நானே நகர்த்தினேன், முதன்மையானது முதலில் இருக்கட்டும் என்று. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் கிடைப்பது அடுத்த வேலை. தொடக்கத்தில் தரப்படும் குட்டிகள் எட்டில் ஏழு ஆணாகவே வரும். மருமகனுடையதும் ஆண்தான். பெண் வேண்டுமானால் எந்த இனத்தோடும் சேரும் டிட்டோவோடு அவனுடைய முதலையை வளர்ப்பகத்தில் விட்டு, முட்டைகளைப் பொரித்துக்கொண்டே போக வேண்டும். வளர்ப்பகம் கோல்டன்ராட் நகருக்குத் தெற்கே 34ஆவது பாதையில் இருக்கிறது; முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். இரண்டு உயிரிகளை விட்டுச் சென்றால் ஒவ்வொரு 255 அடிகளுக்கும் ஒரு முறை முட்டை உண்டா என்று ஆட்டம் சீட்டுக் குலுக்குகிறது. இரண்டும் வெவ்வேறு இனமாகவும் ஒரே பயிற்சியாளருடையவையாகவும் இருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு 20 மட்டுமே. பயிற்சியாளர் வேறாக இருந்தால் அது 50 ஆகும். எனவே என் ஆட்டத்தில் பிடித்த டிட்டோவைப் பரிமாற்றம் செய்து அவன் ஆட்டத்துக்கு அனுப்பினேன். முதியவர் இரண்டும் ஒத்துப்போவதாகச் சொன்ன சொல்லிலேயே அந்த மாற்றம் தெரிந்தது. சொல்லும் வாசகத்தை வைத்து வாய்ப்பை அறிந்துகொள்ளும்படி இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அமைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த ஒன்று. எண்ணை ஒளித்து, ஒரு கிழவரின் பேச்சை வைத்திருக்கிறார்கள்.

தன் முதல் தோழனை வளர்ப்பகத்தில் விட்டுவிட்டு நடக்க மருமகனுக்கு மனம் வரவில்லை. அதுவரை அவன் அணியில் அது இல்லாத நாளே இல்லை. "அது அங்க சும்மா இருக்காது, நீ நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அதுக்கு ஒரு அனுபவப் புள்ளி ஏறும்" என்று சொன்ன பிறகே ஒப்புக்கொண்டான். சொன்னது உண்மைதான். அந்த உண்மையின் மறுபாதியை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

டோட்டோடைல் முட்டை பொரிய ஏறத்தாழ 5,100 அடிகள் ஆகும். ஃபிளேம் பாடி என்னும் உடற்சூட்டுத் தன்மை கொண்ட ஓர் உயிரி அணியில் இருந்தால் அது பாதியாகக் குறையும். அதற்காக என் ஸ்லக்மாவையும் அவனிடம் அனுப்பினேன். மிதிவண்டியில் மேலும் கீழுமாகப் போய்வந்து ஒன்பதாவது முட்டையில் பெண் குட்டி கிடைத்தது. அவனுடைய முதலையைத் திரும்ப எடுத்தபோது ஒரு லெவல் கூடியிருந்தது. அந்த லெவலில் அதற்குப் புதிய வித்தை ஏதும் இல்லாததால் பட்டியல் மாறவில்லை. எங்களுக்கும் சந்தேகம் எழவில்லை.

பிறகு ஹார்ஸீயைப் பரிமாற்றத்தில் அனுப்பி, லெவல் ஒன்றில் இருந்த பெண் குட்டியோடு வளர்ப்பகத்தில் சேர்த்தோம். தாய்க்கு வயது வரம்பு எதுவும் இல்லை. முதல் முட்டை பொரிந்து குட்டியின் பட்டியலைத் திறந்தபோது ஸ்கிராட்ச், லீர், டிராகன் டான்ஸ், வாட்டர்ஃபால் என்று நான்கும் இருந்தன. அன்றே நிறுத்தியிருக்கலாம். மருமகனுக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை: இருபத்தைந்து இயல்புகளில் தாக்கும் திறனைப் பத்து விழுக்காடு கூட்டி, சிறப்புத் தாக்குதலைக் குறைக்கும் அடமண்ட் இயல்பு வரும்வரை தொடரலாம் என்றேன். ஒரு மாதம் உழைக்கப்போகிற வேலையில் இதையும் சேர்த்துச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஐந்து ஐந்து முட்டைகளாக எடுத்து நடந்தோம். நான்கு சுற்றுகளில் பதினெட்டுக் குட்டிகள் பொரிந்தன. அடமண்ட் ஒன்றும் இல்லை. இடையில் ஒரு நாள் மருமகன் தன் நண்பனுக்குக் காட்டுவதற்காக ஹார்ஸீயை வளர்ப்பகத்திலிருந்து எடுத்து, அன்று மாலையே திரும்ப விட்டிருக்கிறான். அதற்குப் பிறகு வந்த மூன்று முட்டைகளில் முதல் குட்டி அடமண்டாகப் பிறந்தது. அவன் துள்ளிக் குதித்தான். பட்டியலைத் திறந்தேன். ஸ்கிராட்ச், லீர், வாட்டர்ஃபால். நான்காவது இடம் காலி.

முதலில் நான் சந்தேகித்தது அந்த ஒரு முட்டையை. மீதமிருந்த இரண்டையும் பொரிய விட்டோம்; இரண்டிலும் டிராகன் டான்ஸ் இல்லை. முந்தைய பதினெட்டிலும் தவறாமல் வந்த ஒன்று திடீரென்று மூன்றில் வராமல் போவது தற்செயல் ஆக முடியாது. முட்டை வித்தை இறங்குவதில் சீட்டுக் குலுக்கல் கிடையாது, தந்தையிடம் இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. வாட்டர்ஃபால் மட்டும் தொடர்ந்து வருவதால் வழி அடைபடவில்லை என்பதும் தெளிவு. ஆக, மாறியது தந்தை. வளர்ப்பகத்திலிருந்து ஹார்ஸீயை எடுத்துப் பார்த்தோம். அதன் பட்டியலில் இருந்தவை: வாட்டர்ஃபால், ட்விஸ்டர், பபிள்பீம், டிராகன் பல்ஸ். லெவல் 42.

அப்போதுதான் விதி முழுவதும் விளங்கியது. போரில் லெவல் கூடும்போது ஆட்டம் நம்மைக் கேட்கும்: புதிய வித்தை வேண்டுமா, வேண்டுமானால் எதை மறக்கலாம் என்று. வளர்ப்பகத்தில் அந்தக் கேள்வி இல்லை. அங்கே கூடிய லெவல்களுக்கு உரிய வித்தைகள், உயிரியைத் திரும்ப எடுக்கும் நேரத்தில் தாமாகவே ஏறிவிடுகின்றன. நான்கு இடங்களும் நிரம்பியிருந்தால் பட்டியலின் முதலில் இருப்பது வெளியே தள்ளப்படுகிறது, மற்ற மூன்றும் ஒரு படி மேலே நகர்கின்றன, புதியது கடைசியில் அமர்கிறது. ஹார்ஸீ 42ஆவது லெவலில் கற்பது டிராகன் பல்ஸ். முதன்மையானது என்று நான் முதல் இடத்தில் வைத்திருந்த டிராகன் டான்ஸ்தான் அதற்காக வெளியேறியது.

அடிக்கணக்கும் பொருந்தியது. ஹார்ஸீ வளரும் வகையில் ஒரு லெவலை அடையத் தேவையான மொத்த அனுபவப் புள்ளி, அந்த லெவல் எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வரும் தொகை. 38க்கு 54,872, 42க்கு 74,088. வித்தியாசம் 19,216. அடிக்கு ஒரு புள்ளி என்றால் ஏறத்தாழ பத்தொன்பதாயிரம் அடிகள். ஐந்து முட்டைகளை எடுக்கவும் பொரிக்கவும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் அடி நடந்திருந்தோம், நான்கு சுற்றுகள். கண்ணெதிரே இன்னோர் அறிகுறியும் இருந்திருக்கிறது. வளர்ப்பகத்தின் கட்டணம் அடிப்படையாக 100, கூடிய ஒவ்வொரு லெவலுக்கும் மேலும் 100. நண்பனுக்குக் காட்ட எடுத்த அன்று மூதாட்டி 500 கேட்டதை மருமகன் நினைவில் வைத்திருந்தான். நான்கு லெவல் கூடியிருந்தது என்பதற்கு அந்த ஐந்நூறே சாட்சி. எடுக்காமல் விட்டிருந்தால் தந்தையின் பட்டியல் பழையபடியே இருந்து, முட்டைகளும் பழையபடியே வந்திருக்கும். அவன் மீது குற்றமில்லை, வரிசையை அமைத்தவன் நான்.

அடமண்டாகப் பிறந்த அந்தக் குட்டியைக் காப்பாற்ற வழி உண்டா என்று வெகுநேரம் யோசித்தோம். அது ஆண். பெண்ணாக இருந்திருந்தால் அதையே தாயாக்கி, அதன் கையில் எவர்ஸ்டோனைக் கொடுத்து, பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு அதே இயல்பு வரும்படி செய்திருக்கலாம். ஆணாக இருப்பதால் அது தந்தையின் இடத்தில்தான் நிற்க முடியும். அங்கே நின்றால் ஹார்ஸீக்கு இடமில்லை, அதனிடமே டிராகன் டான்ஸும் இல்லை. பிறந்த பிறகு முட்டை வித்தையைச் சேர்க்க இந்த ஆட்டத்தில் வழியே கிடையாது. மருமகன் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பெட்டியில் தனியாக வைத்துக்கொண்டான்.

தந்தையைச் சரிசெய்ய வழி இருந்தது. பிளாக்தார்ன் நகரில் மறந்த வித்தையை நினைவூட்டுபவர் ஒருவர் இருக்கிறார். ஹார்ட் ஸ்கேல் என்னும் செதில் ஒன்றைக் கொடுத்தால், அந்த உயிரி தன் லெவலுக்குள் இயல்பாகக் கற்றிருக்கக்கூடிய எதையும் திரும்பக் கற்பிப்பார். இவர் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு: லெவல் வழி வந்தவற்றைத்தான் மீட்பார், டிஎம் வழி வந்ததையோ முட்டை வழி வந்ததையோ மீட்க மாட்டார். ஹார்ஸீக்கு டிராகன் டான்ஸ் லெவல் வழி வந்த வித்தை என்பதால் பிழைத்தோம். இதே வித்தை ஒரு டோட்டோடைலிடமிருந்து தவறிப்போயிருந்தால் அதோடு முடிந்தது. மருமகன் ஆட்டம் இன்னும் பிளாக்தார்னை எட்டவில்லை. எனவே ஹார்ஸீயை என் ஆட்டத்துக்குத் திரும்பப் பரிமாறி, செதிலைக் கொடுத்து, டிராகன் பல்ஸ் இருந்த நான்காம் இடத்தில் டிராகன் டான்ஸை அமர்த்தினேன். பிறகு வரிசையைத் திருத்தினேன்: போனால் போகட்டும் என்றிருந்த ட்விஸ்டரும் பபிள்பீமும் மேலே, வாட்டர்ஃபாலும் டிராகன் டான்ஸும் கீழே. வளர்ப்பகத்தில் நீண்ட நாள் விடப்போகும் எந்த உயிரிக்கும் இதையே செய்யுங்கள். மேல் இடத்தில் இருப்பதுதான் பலியாகும்.

ஸ்மியர்கிளை ஏன் பயன்படுத்தவில்லை என்று இந்த வழிகளை அறிந்தவர்கள் கேட்கக்கூடும். வால் நுனியில் வண்ணம் சொட்டும் அந்த உயிரி, எதிராளி கடைசியாகப் பயன்படுத்திய வித்தையை ஸ்கெட்ச் என்னும் தன் வித்தை மூலம் நிரந்தரமாகப் பிரதியெடுத்துக்கொள்ளும். முதல் லெவலிலும் பிறகு 11, 21 என்று பத்துப் பத்தாகவும் அந்த வாய்ப்பு அதற்குக் கிடைக்கும். ஒரே ஆண் ஸ்மியர்கிளில் வேண்டிய முட்டை வித்தைகளை எல்லாம் வரைந்துகொண்டு தந்தையாக்குவது மிகச் சிறந்த முறை. ஆனால் அது நிலக் குழுவைச் சேர்ந்தது. டோட்டோடைலுக்கு உதவாது.

ஹார்ஸீ திரும்பிச் சென்ற பிறகு ஒன்பதாவது முட்டையில், நான்கு வித்தைகளும் சரியாக அமைந்த அடமண்ட் குட்டி பிறந்தது. லெவல் ஒன்றிலேயே கையில் 80 வலிமையுள்ள வாட்டர்ஃபால் இருந்ததால் வளர்ப்பது கடினமாக இல்லை. எச்எம் வித்தையை வெளியில் அருவி ஏறப் பயன்படுத்துவதற்குத்தான் பதக்கம் வேண்டும், போரில் பயன்படுத்தத் தடையில்லை. 13இல் வந்த பைட்டை ஸ்கிராட்ச்சின் இடத்தில் வைத்தோம். 18இல் உருமாற்றம் வந்தபோது மருமகன் என்னைப் பார்த்தான். டோட்டோடைலாகவே நிறுத்திவைத்தால் 27இல் கிரஞ்ச் கிடைக்கும், உருமாறினால் அது சில லெவல்கள் தள்ளிப்போகும். ஹார்ஸீக்குப் பத்து லெவல் வித்தியாசம் இருந்தது, இங்கே சிலவே. அதற்காக ஒரு பிள்ளையைக் காத்திருக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. மாறட்டும் என்றேன்.

லீரின் இடத்தில் ஐஸ் ஃபேங் வந்தது, பைட்டின் இடத்தில் பின்னர் கிரஞ்ச் வந்தது. ஐஸ் ஃபேங்கின் வலிமை 65, குறி தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 5. அதைவிட வலிமை 75 உள்ள, குறி தப்பாத ஐஸ் பஞ்சைப் போர் எல்லை (Battle Frontier) என்னும் போட்டிக்களத்தில் உள்ள ஆசிரியர் 64 போர்ப் புள்ளிகளுக்குக் கற்பிக்கிறார். அந்தப் புள்ளிகள் அங்குள்ள போர்க் கோபுரம் போன்ற அரங்குகளில் வென்றால்தான் சேரும் என்பதால், அவன் ஆட்டத்தில் சாம்பியனை வென்ற பிறகு பல மாலைகள் அங்கே போயின. நான்கு வழிகளில் மிக விலை உயர்ந்தது இதுவே. பையில் இருந்த 26ஆவது டிஎம்மான எர்த்குவேக்கையும் இதற்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டான். 100 வலிமையுள்ள, பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் அந்தக் கருவியை இப்போதைக்கு வைத்திரு என்றேன். அவன் அணியில் அதற்கு மேலும் தகுதியுள்ள வேறொன்று வரக்கூடும்.

வாட்டர்ஃபாலைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். அது எச்எம் என்பதால் வேறொன்றால் மாற்ற முடியாது. பிளாக்தார்னில் உள்ள மறக்கவைப்பவரிடம்தான் நீக்க முடியும். அடுத்து வந்த பிளாக், ஒயிட் ஆட்டங்களுக்கு இந்த முதலையை மாற்ற நினைத்தாலும் எச்எம் வித்தை இருக்கும்வரை மாற்றம் ஏற்கப்படாது.

பின்வந்த ஆட்டங்களில் இந்த இறுக்கங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2010இல் வந்த பிளாக், ஒயிட் பதிப்புகளில் டிஎம் தீராததாயிற்று. 2013இல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில் தாயும் முட்டை வித்தையைக் கொடுக்கத் தொடங்கினாள்.  2019இல் வந்த சோர்ட், ஷீல்ட் பதிப்புகளில், நான்கில் ஓர் இடத்தைக் காலியாக வைத்து, அதே இனத்தைச் சேர்ந்த, வித்தை தெரிந்த இன்னொன்றோடு வளர்ப்பகத்தில் விட்டாலே பிறந்த பிறகும் முட்டை வித்தை வந்துவிடுகிறது. பெட்டியில் தனியே இருக்கும் அந்த அடமண்ட் குட்டி நினைவுக்கு வந்தபோது, இந்தக் கடைசி மாற்றம் மிகவும் நல்லது என்றே தோன்றியது. ஒரு தவறான வரிசைக்காக ஒரு குட்டியை என்றென்றைக்கும் ஒதுக்கிவைக்க வேண்டிய விதி கடுமையானதுதான்.

இப்போது அவனுடைய ஃபெராலிகேட்டரின் பட்டியலில் டிராகன் டான்ஸ், வாட்டர்ஃபால், ஐஸ் பஞ்ச், கிரஞ்ச் ஆகியவை இருக்கின்றன. ஊருக்குக் கிளம்பும் முன்தினம் என் கிங்ட்ராவோடு மோதவிட்டான். இரண்டும் முதல் சுற்றில் டிராகன் டான்ஸ் ஆடின. வேகத்தில் கிங்ட்ரா முந்தியது, முதலை ஓர் அடியைத் தாங்கிக்கொண்டு ஐஸ் பஞ்சால் திருப்பி அடித்தது, இரண்டாவது அடியில் வீழ்ந்தது. கிங்ட்ராவின் நீர்த்தன்மை அதன் டிராகன் தன்மைக்குரிய பனிப் பலவீனத்தை ஈடுசெய்துவிடும் என்பதை அவனுக்கு அன்றுதான் விளக்கினேன்.

ஹார்ஸீ இன்னும் 42ஆவது லெவலில், டிராகன் டான்ஸ் நான்காம் இடத்தில் இருக்க, என் பெட்டியிலேயே இருக்கிறது. சார்மாண்டருக்கும் இதே வித்தை முட்டை வழி வரும், அதுவும் டிராகன் குழுவில்தான் இருக்கிறது, இந்த ஆட்டத்தில் ரெட் என்னும் பயிற்சியாளரை வென்றால் பேராசிரியர் ஓக் ஒன்றைத் தருவார் என்று தொலைபேசியில் சொன்னேன். அதுவும் எட்டில் ஏழு ஆணாகத்தான் வருமா என்று கேட்டான். ஆம் என்றேன். அப்படியானால் டிட்டோவைத் திருப்பித் தராமல் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.